துப்பாக்கியிலிருந்து கேமராவுக்கு: நம் நாட்டுக் கழுகுகளைப் படமெடுத்த வரலாறு



கோலா தெர்லா பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும். காலையில் பனி விலக நேரமாகும். வெயில் ஏறிச் சரிவெல்லாம் சூடான பிறகுதான் பெரிய பறவைகள் வானத்துக்கு வரும். அப்படி ஒரு காலையில் நான்காம் படிவ மாணவன் ஒருவன் தன் கைப்பேசியில் எடுத்த படத்தை என்னிடம் காட்டினான். தேயிலைச் சரிவுக்கு மேலே ஒரு கறுப்புப் புள்ளி.

"இது பருந்தா கழுகா டீச்சர்? கூடு எங்க இருக்குன்னு தேடிப் போனா கிட்டத்துல எடுக்கலாம்தானே?"

முதல் கேள்விக்கு ஓரளவு பதில் சொல்லிவிட்டேன். நீண்ட இறக்கை, உடம்பெல்லாம் கறுப்பு, மரங்களின் உச்சியை ஒட்டி மெதுவாக மிதக்கும் பழக்கம். அவன் சொன்னதை வைத்துப் பார்த்தால், அது நம் மலைக்காடுகளில் வாழும் கருங்கழுகாக இருக்கலாம். இரண்டாவது கேள்விக்கு மட்டும் உடனே பதில் வரவில்லை. அதற்குப் பதில் வரலாற்றில்தான் இருக்கிறது. வாங்க, சேர்ந்து பார்ப்போம்.

1. சுட்டுச் சேர்த்த காலம்

1885-இல் வில்லியம் கேமரன் என்ற அரசாங்க நில அளவையாளர் இந்த மேட்டுநிலத்தைக் கண்டு பதிவு செய்தார். கேமரன் மலை என்ற பெயர் அவரால் வந்தது. 1929-இல் ஜே.ஏ. ரசல் இங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். இந்த இரண்டு ஆண்டுகளும் நம் பாடங்களில் வரும்.

அதே காலத்தில் இன்னொரு வேலையும் நடந்தது. அருங்காட்சியகத்தைச் சேர்ந்தவர்கள் மலாயாக் காடுகளில் பறவைகளைத் தேடி அலைந்தார்கள். அவர்கள் கையில் இருந்த முக்கியக் கருவி துப்பாக்கி. சுடுவார்கள், தோலை உரித்துப் பஞ்சு அடைப்பார்கள், காலில் சீட்டு ஒன்றைக் கட்டுவார்கள். எந்த இடம், என்ன தேதி, எவ்வளவு உயரம் என்ற விவரம் அந்தச் சீட்டில் இருக்கும். ஹெர்பர்ட் ராபின்சன் இப்படிப்பட்ட சேகரிப்புகளை வைத்து எழுதிய மலாயாத் தீபகற்பப் பறவைகள் நூல்வரிசையின் முதல் தொகுதி 1927-இல் வந்தது. 1928-இல் வந்த இரண்டாம் தொகுதி மலைவாசத் தலங்களின் பறவைகளைப் பற்றியது.

அவர்களைக் கொடியவர்கள் என்று ஒரே வரியில் எழுதிவிடாதீர்கள். வரலாற்றுக் கட்டுரையில் அது பிழை. தொலைநோக்கியும் கேமராவும் அன்று இன்றைய தரத்தில் இல்லை. கையில் பறவை இருந்தால்தான் அறிஞர்கள் நம்புவார்கள். இன்று நமக்குத் தெரிந்த பலவற்றுக்கு அந்தச் சீட்டுகளே அடிப்படை. ஆனால் ஒரு பறவையைப் பற்றித் தெரிந்துகொள்ள அந்தப் பறவையே சாக வேண்டியிருந்தது என்பதும் உண்மை.

2. கேமரா வந்தது, ஆபத்தும் வந்தது

இங்கிலாந்தில் ரிச்சர்ட் கியர்ட்டன், செர்ரி கியர்ட்டன் என்ற சகோதரர்கள் 1890-களில் கேமராவோடு பறவைக் கூடுகளைத் தேடிப் போனார்கள். 1895-இல் புகைப்படங்களைக் கொண்டே பறவைக் கூடுகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார்கள். உள்ளே வெற்றிடமான ஒரு பொய் மாட்டைச் செய்து, அதற்குள் ஒளிந்துகொண்டு படமெடுத்ததும் உண்டு. சிரிப்பு வருதா? ஆனால் அதில் ஒரு பெரிய யோசனை இருக்கிறது. பறவையைத் துரத்தாமல், அதற்குத் தெரியாமல் மனிதன் காத்திருக்க வேண்டும் என்ற யோசனை அது.

எரிக் ஹோஸ்கிங் என்ற புகழ்பெற்ற பறவைப் படக்கலைஞருக்கு 1937-இல் நடந்ததையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆந்தை ஒன்றின் கூட்டருகே வேலை செய்தபோது, இருட்டில் அந்தத் தாய்ப்பறவை அவர் முகத்தில் பாய்ந்தது. அவர் ஒரு கண்ணை இழந்தார். குஞ்சு இருக்கும் கூட்டை நெருங்குபவனை வேட்டைப் பறவை எதிரியாகவே பார்க்கும். கையில் இருப்பது துப்பாக்கியா கேமராவா என்று அதற்குத் தெரியாது.

3. போருக்கு நடுவே பறவைகள்

மலாயா இயற்கைச் சங்கம் 1940-இல் தோன்றியது. அடுத்து ஜப்பானியர் ஆட்சி வந்தது. காவல்துறை அதிகாரி ஜி.சி. மடோக் சாங்கி முகாமில் அடைபட்டிருந்தபோது மலாயாப் பறவைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். போர் முடிந்து, 1947-இல் அது அச்சில் வந்தது.

இன்னொருவர் லோக் வான் தோ. கோலாலம்பூரில் 1915-இல் பிறந்தவர், ஈயமும் ரப்பரும் வழியாகப் பெருஞ்செல்வர் ஆன லோக் இயூவின் மகன், கேத்தே திரைப்பட நிறுவனத்தை நடத்தியவர். 1942-இல் சிங்கப்பூரை விட்டுத் தப்பியபோது அவர் சென்ற கப்பல் குண்டுவீச்சுக்கு உள்ளானது. தீக்காயம் பட்டது, கொஞ்ச காலம் பார்வையும் போனது. பிறகு இந்தியா சென்று பறவையியல் அறிஞர் சலீம் அலியோடு நட்பானார். இருவரும் சேர்ந்து பறவைப் பயணங்கள் போனார்கள். கண் போய்த் திரும்பக் கிடைத்த மனிதர் மீதி வாழ்க்கையைப் பறவைகளைப் பார்ப்பதிலும் படமெடுப்பதிலும் செலவழித்தார். உயரமான மரத்தில் கூடு கட்டும் வெண்வயிற்றுக் கடற்கழுகைப் படமெடுக்க மேடை கட்டி, மறைவில் இருந்து பொறுமையாகக் காத்திருந்தவர் அவர். அவருடைய பறவை நூல் 1957-இல் வந்தது. 1964-இல் தைவானில் நடந்த விமான விபத்தில் இறந்தார்.

தமிழ்நாட்டில் அதே காலத்தில் மா. கிருஷ்ணன் கறுப்பு வெள்ளைப் படங்களோடு காட்டுயிர்களைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். அவர் 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன். இலக்கிய வரலாற்றில் அப்பாவைப் படிக்கிறோம். மகனையும் ஒரு வரியில் சொல்லித் தாருங்கள்.

4. தஞ்சோங் துவான்: பறவை நம்மிடம் வரும் இடம்

இனி மலையிலிருந்து கடற்கரைக்கு இறங்குவோம். போர்ட்டிக்சன் அருகே உள்ள தஞ்சோங் துவான், நெகிரி செம்பிலானுக்குள் இருந்தாலும் மலாக்காவுக்குச் சொந்தமான சிறு வனப்பகுதி. 1606-இல் போர்ச்சுக்கீசியரும் டச்சுக்காரரும் மோதிய கடற்போர் இதன் அருகேதான் நடந்தது. வரலாறு படிப்பவர்கள் கலங்கரை விளக்கத்தையும் போரையும் நினைப்பார்கள். பறவை பார்ப்பவர்கள் மார்ச் மாதத்தை நினைப்பார்கள்.

காரணம் எளிது. தேன் பருந்து போன்ற பறவைகள் வடக்கே குளிர் வந்ததும் தெற்கே வருகின்றன. சைபீரியா, சீனா, ஜப்பான் பக்கத்தில் இனப்பெருக்கம் செய்பவை அவை. வெயிலில் நிலம் சூடாகி எழும் காற்றில் வட்டமிட்டு ஏறி, அப்படியே சறுக்கிப் பறப்பதால் இறக்கையை அதிகம் அடிக்க வேண்டியதில்லை. கடலுக்கு மேல் அந்தக் காற்று சரியாகக் கிடைக்காது. அதனால் கடலைக் குறுகலான இடத்தில் கடக்கப் பார்க்கும். சுமத்ரா பக்கத்து ரூப்பாட் தீவிலிருந்து தஞ்சோங் துவானுக்கு ஏறக்குறைய 40 கி.மீ. தூரம். வடக்கே திரும்பும் பறவைகள் அதைக் கடந்து, களைத்து, தாழ்வாக வந்து சேரும். கரையைத் தொட்டதும் மறுபடியும் சூடான காற்றைப் பிடித்து மேலே ஏறிவிடும்.

அந்தச் சில நிமிடங்கள்தான் படக்காரர்களுக்கு வாய்ப்பு. கூட்டைத் தேட வேண்டாம், இரை காட்டிக் கூப்பிட வேண்டாம். தன் பாதையில் வரும் பறவையை நின்ற இடத்திலிருந்தே எடுக்கலாம். மலேசிய இயற்கைச் சங்கம் 2000-ஆம் ஆண்டிலிருந்து இங்கே கழுகுகளைப் பார்க்கும் விழாவை நடத்திவருகிறது. அங்கே கேமரா மட்டுமல்ல, எண்ணிக்கைக் குறிப்பேடும் முக்கியம். ராபின்சன் காலத்துச் சீட்டின் வேலையை இன்று குறிப்பேடும் படமும் செய்கின்றன. பறவை மட்டும் உயிரோடு போகிறது.

5. கேமராவும் காயப்படுத்தும்

அப்படியென்றால் கேமரா வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. லங்காவியில் சுற்றுலாப் படகுகள் கோழித்தோலை வீசிச் செம்பருந்துகளைக் கூட்டுவது பலருக்கும் தெரிந்த காட்சி. படம் அழகாக வரும். ஆனால் தானே இரை தேட வேண்டிய பறவை படகுச் சத்தத்துக்குக் காத்திருக்கப் பழகிவிடுகிறது. கூட்டின் இடத்தைப் படத்தோடு எல்லாருக்கும் அறிவித்தால், குஞ்சைப் பிடிப்பவனுக்கும் அது வழிகாட்டியாகிவிடும்.

1972-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்தப் பறவைகளுக்குப் பாதுகாப்புத் தருகிறது. பெர்ஹிலித்தான் அதைக் கவனிக்கிறது. ஆனால் தோட்டத்து மேட்டில் கைப்பேசியோடு தனியாக நிற்கும் பதினாறு வயதுப் பையன் அருகே எந்த அதிகாரியும் இல்லை. அங்கே அவனுக்கு நாம் சொல்லிக்கொடுத்ததுதான் இருக்கும்.

அதனால் அவனுக்கு நான் சொன்ன பதில் இது: "கூட்டைத் தேடாதேப்பா. கருங்கழுகு பெரும்பாலும் ஒரே ஒரு முட்டைதான் இடும். நீ ஏறிப்போய் அது கூட்டை விட்டுப் பறந்தா, அந்த வருஷத்துக் குஞ்சே போயிடலாம். நீ நின்ன இடத்துலயே நில்லு. தேதி, நேரம், எந்தப் பக்கம் பறந்துச்சுன்னு எழுதி வை. புள்ளி மாதிரி இருந்தாலும் பரவாயில்ல."

இப்போது அவன் நோட்டில் ஆறு பதிவுகள் இருக்கின்றன. படங்கள் இன்னும் புள்ளிதான்.

வகுப்பறைக்கு

• சொல் வளம்: பருந்து, கழுகு, வல்லூறு, இராசாளி, எருவை. வேட்டையாடி உண்பவற்றைப் பொதுவாகக் கொன்றுண்ணிப் பறவைகள் என்பர். எல்லாவற்றையும் 'கழுகு' என்று எழுதாமல், படத்தைப் பார்த்துச் சரியான பெயரைத் தேடச் செய்யுங்கள்.

• கருத்துக் கட்டுரை: 'கருவி மாறினால் மட்டும் போதாது, மனமும் மாற வேண்டும்.' இக்கூற்றைப் பறவைப் புகைப்பட வரலாற்றைக் கொண்டு விளக்குக.

• களப்பணி: பள்ளித் திடலில் நின்றபடி ஒரு வாரம் வானத்தைப் பார்த்து, தேதி, நேரம், பறவை ஆகியவற்றைப் பதிவு செய்க.