கரையும் ஒட்டெலும்பு: மேல்தாடைச் சீரமைப்பில் ஒரு விளக்கத்தின் எழுச்சியும் சரிவும்

பல் போன இடத்தில் எலும்பும் போகும். இந்தத் தேய்வு மேல்தாடையில் மெதுவாகவே நடக்கும். பல்செட் அணிந்தோரை 25 ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்த அன்ட்ஜே தால்கிரென், கீழ்த்தாடையின் முன்பகுதி மேல்தாடையைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு தேய்கிறது என்று 1972இல் எழுதினார். ஆனால் மேல்தாடைக்கு இடர் இரு பக்கமும் உண்டு. கீழே பல்விளிம்பு தேய்கிறது. மேலே சைனஸ் குழி விரிந்து இறங்குகிறது. எஞ்சுவது சில மில்லிமீட்டர் மென்மையான பஞ்செலும்புதான். எனவே உடலின் வேறிடத்திலிருந்து எலும்பு எடுத்து ஒட்டவேண்டியிருந்தது. ஒட்டியதும் கரைந்தது. ஏன் கரைகிறது என்பதற்கு அறுவை மருத்துவர்கள் சொன்ன விடை கடந்த அரை நூற்றாண்டில் எப்படி மாறியது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

விலா எலும்பை மேல்தாடை விளிம்பின்மீது பொருத்தும் முறையை டெர்ரி, ஆல்பிரைட், பேக்கர் ஆகிய மூவர் 1974இல் விவரித்தனர். அன்று நோக்கம் எளியது: பல்செட் உட்கார ஒரு மேடு வேண்டும். மேடு கிடைத்தது, அதன்மேல் பல்செட் அழுத்த அழுத்த, ஏற்றிய உயரத்தில் கணிசமான பங்கு சில ஆண்டுகளில் மறைந்தது. கோத்தென்பர்க்கில் பிரைனும் பிரோனமார்க்கும் ஒட்டெலும்பையும் டைட்டானியம் இம்பிளான்ட்டையும் சேர்த்துப் பொருத்திப் பார்த்து, முடிவுகளை 1980இல் வெளியிட்டனர். எலும்பையும் இம்பிளான்ட்டையும் ஒரே நேரத்தில் வைத்த தொடக்கமுயற்சிகளில் பெரும்பகுதி நிலைக்கவில்லை. அதே ஆண்டில் பாய்னும் ஜேம்ஸும் வேறொரு வழியை எழுதினர்: விளிம்பின்மேல் ஏற்றாமல், சைனஸ் தளத்தின் சவ்வை உயர்த்தி அதன் அடியில் எலும்பை நிரப்புவது.

கரைதலுக்கு அக்காலத்தில் செல்வாக்குப் பெற்ற விளக்கம் கருவியலிலிருந்து வந்தது. மண்டையோட்டு எலும்பும் முக எலும்பும் பெரும்பாலும் சவ்வுப் படலத்திலிருந்து நேரடியாக உருவாகின்றன. இடுப்பெலும்பும் விலாவும் முதலில் குருத்தெலும்பாக இருந்து பிறகு எலும்பாகின்றன. முயல்களில் ஸ்மித்தும் ஆப்ரம்சனும் 1974இல் நடத்திய ஆய்வில் முதல்வகை நின்றது, இரண்டாம்வகை கரைந்தது. 1983இல் ஜின்ஸும் விட்டேக்கரும் அதையே வலியுறுத்தினர். மண்டையோட்டு எலும்பை முகச் சீரமைப்புக்கு எடுக்கும் முறையைப் பாரிஸின் பால் தெசியே 1982இல் விரிவாக எழுதியிருந்ததால், ஆய்வகமும் அறுவை அரங்கும் ஒரே குரலில் பேசின. பிறப்பு நன்றாயிருந்தால் எலும்பு நிலைக்கும் என்ற இந்த விளக்கத்துக்கு ஒரு கவர்ச்சி இருந்தது. எங்கிருந்து எடுப்பது என்ற கேள்வியை அது ஒரே வரியில் முடித்துவைத்தது.

ஆனால் ஒப்பீட்டில் ஒரு கோளாறு. மண்டையோட்டிலிருந்து எடுப்பது பெரும்பாலும் கெட்டியான புறணி எலும்பு. இடுப்பிலிருந்து எடுப்பதில் பஞ்செலும்பு அதிகம். இரண்டையும் அருகருகே வைத்தால் பிறப்பைச் சோதிக்கிறோமா, அடர்த்தியைச் சோதிக்கிறோமா? ஒசாகியும் புக்மனும் 1998இல் இந்த முடிச்சை அவிழ்த்தனர். முயல்களில் இருவகைப் பிறப்புடைய புறணி எலும்புகளையும், இவற்றுடன் பஞ்செலும்பையும் ஒட்டினர். புறணி எலும்புகள் இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவில் நிலைத்தன. பஞ்செலும்புதான் வெகுவாகக் கரைந்தது. இருபது ஆண்டுக்கும் மேலாக நின்ற விளக்கம் சரிந்தது இப்படித்தான். தரவு பொய்யல்ல; அதன்மேல் எழுதிய காரணம்தான் பிசகு.

அடர்த்தியும் முழுவிடை அல்ல. ரத்தவோட்டம் அறுந்த எலும்பு உயிரோடு அப்படியே நிலைப்பதில்லை. குடியிருக்கும் வீட்டின் ஓடுகளை மாற்றுவதுபோல, எலும்பை அரிக்கும் செல்கள் பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாக அகற்ற, பின்னால் புதியது கட்டப்படுகிறது. கட்டும் வேகம் சுமையைப் பொறுத்தது. யூலியஸ் வோல்ஃப் 1892இல் நூலாக எழுதிய விதியின் சாரம் அதுதான். சுமையே இல்லாத ஒட்டு கரைகிறது. பல்செட்டின் மேலழுத்தமோ, ஈறு வழியாகப் புறப்பரப்பை நசுக்கித் தேய்க்கிறது. இம்பிளான்ட் வேர்போலச் சுமையை எலும்புக்குள் செலுத்துவதால்தான் அதன் வருகை முக்கியமாகிறது.

அளவிடும் முறையும் மாறியது. பக்கவாட்டு எக்ஸ்ரேயில் உயரத்தை மட்டுமே பார்த்த காலம் போய், சி.டி. ஸ்கேன் கன அளவைக் காட்டியது. 2001இல் யோஹான்சன் குழு மேல்தாடை ஒட்டுகளை அளந்தபோது, ஆறு ஏழு மாதங்களுக்குள் உள்ளே நிரப்பிய எலும்பில் 49.5 சதவீதமும், மேலே ஏற்றியதில் 47 சதவீதமும் குறைந்திருந்தன. உள்ளே வைத்தால் பாதுகாப்பு என்ற எதிர்பார்ப்பை அந்த எண்கள் ஆதரிக்கவில்லை. அடுத்த ஆண்டில் கோர்டாரோ குழு, கீழ்த்தாடையிலிருந்து எடுத்த கட்டிகளை விளிம்புகளில் பொருத்தி, அகலவாக்கில் 23.5, உயரவாக்கில் 42 சதவீத இழப்பைப் பதிவுசெய்தது. உயரத்தைக் கட்டுவது எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

வான் ஆர்க்ஸும் பூசரும் 2006இல் வெளியிட்ட முடிவு நம்பிக்கை தந்தது: எலும்புக் கட்டியின்மேல் மாட்டெலும்பின் கனிமத்துகள்களைத் தூவி, கொலாஜன் சவ்வால் மூடியபோது பரப்பு இழப்பு சராசரி 0.36 மில்லிமீட்டர்தான். ஆனால் அந்தத் துகள்கள் எளிதில் கரையாதவை. அளவுகோல் தொட்ட பரப்பில் நோயாளியின் எலும்பு எவ்வளவு, துகள் எவ்வளவு என்பதை இந்த எண்ணிலிருந்து பிரித்தறிய முடியாது.

புற்றுநோயால் மேல்தாடையே வெட்டியெடுக்கப்பட்டவர்களின் கணக்கு வேறு. கதிர்வீச்சு பட்ட படுகையில், ரத்தவோட்டமற்ற ஒட்டுக்கு வாய்ப்புக் குறைவு. இயன் டெய்லர் 1975இல் ரத்தக்குழாயோடு எடுத்துப் பொருத்திய கணைக்கால் வெளியெலும்பு முதலில் காலுக்குப் பயன்பட்டது. 1989இல் ஹிடால்கோ அதைக் கீழ்த்தாடைக்குக் கொண்டுவந்தார். பிறகு மேல்தாடைக்கும் வந்தது. தமனியும் சிரையும் கழுத்துக் குழாய்களோடு தைக்கப்படுவதால் எலும்பு உயிரோடு இடம்பெயர்கிறது. அரித்துக் கட்டும் நீண்ட கட்டம் பெரிதும் தவிர்க்கப்படுகிறது. பிரோனமார்க் பின்னாளில் எதிர்த்திசையில் போனார்: கன்ன எலும்பில் ஊன்றும் நீண்ட இம்பிளான்ட்டை வடிவமைத்து, பல நோயாளிகளுக்கு ஒட்டே வேண்டாம் என்ற நிலையை உருவாக்கினார்.