டீசல் சிறு சரக்குந்துகளின் கூடுதல் அளவிகள்

டீசல் சிறு சரக்குந்துகளின் கூடுதல் அளவிகள் என்பன, பிக்கப் எனப்படும் சிறு சரக்குந்தின் எந்திர நிலையை ஓட்டுநர் அறிந்துகொள்ள, வண்டி தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த பின்னர் தனியே வாங்கிப் பொருத்தப்படும் அளவிடு கருவிகள் ஆகும். குளிர்நீரின் வெப்பநிலை, எந்திர எண்ணெயின் அழுத்தம், மின்கலத்தின் மின்னழுத்தம், டர்போ தரும் காற்றழுத்தம், கழிவு வாயுவின் வெப்பநிலை ஆகியவை இவற்றால் பெரும்பாலும் அளக்கப்படுகின்றன. எல்லா வண்டிகளுக்கும் எல்லா அளவிகளும் தேவைப்படுவதில்லை. வண்டியில் ஏற்கனவே உள்ள கருவிகள், எந்திரத்தின் அமைப்பு, வண்டி செய்யும் வேலை ஆகிய மூன்றையும் கொண்டே தேர்வு அமைய வேண்டும்.

பொருளடக்கம்
1 தேவை
2 வரலாறு
3 வகைகள்
4 தேர்ந்தெடுக்கும் முறை
5 எடுத்துக்காட்டு: அன்னவாசல் வட்டாரம்
6 பொருத்துதல்
7 ஓபிடி வழி அளவீடு
8 சட்டம்
9 வரம்புகள்
10 இவற்றையும் பார்க்க

1 தேவை

அண்மைக்கால வண்டிகள் பலவற்றில் எண்ணெய் அழுத்தத்திற்குத் தனி அளவி இல்லை. ஒரு சிவப்பு விளக்கு மட்டுமே உண்டு. இவ்விளக்கை இயக்கும் ஆளி, அழுத்தம் ஏறத்தாழ 0.5 பார் அளவிற்குக் குறைந்த பின்னரே விளக்கை எரியச் செய்யும். ஓடும்போது 3 பார் இருக்க வேண்டிய அழுத்தம் 1 பாராகக் குறைந்திருந்தாலும் விளக்கு எரியாது. அது எரியும் வேளையில் பேரிங்குகள் தேயத் தொடங்கியிருக்கக் கூடும்.

வெப்பநிலை அளவியிலும் இதனையொத்த குறை உண்டு. பல வண்டிகளில் குளிர்நீரின் வெப்பம் குறிப்பிட்ட எல்லைக்குள் ஏறி இறங்கினாலும் முள் நடுவிலேயே நிற்குமாறு அமைக்கப்பட்டுள்ளது. சிறு ஏற்ற இறக்கத்தைக் கண்டு ஓட்டுநர் அஞ்சக்கூடாது என்பது இதன் நோக்கம். ஆனால் முள் நகரத் தொடங்கும்போது எஞ்சியிருக்கும் நேரம் மிகக் குறைவு.

சுருங்கக் கூறின், விளக்கு பழுது நேர்ந்ததை அறிவிக்கிறது. அளவி பழுது வருவதை அறிவிக்கிறது. கடனில் வாங்கிய ஒரே வண்டியைக் கொண்டு பிழைப்பவர்க்கு இவ்வேறுபாடு பெரிது. ஒரு ஹெட் கேஸ்கெட்டை மாற்றுவதும் எந்திரத்தை முழுவதும் பிரித்துச் சீரமைப்பதும் ஒரே செலவல்ல. வண்டி நிற்கும் நாட்களில் வருவாய் இல்லை, தவணை மட்டும் நிற்பதில்லை.

2 வரலாறு

அளவிகளுக்கு அடிப்படையான கண்டுபிடிப்புகள் டீசல் எந்திரத்திற்கு முந்தியவை. இரு வேறு உலோகங்களின் சந்திகள் வேறுபட்ட வெப்பநிலையில் இருக்கும்போது ஏற்படும் மின்விளைவைத் தாமசு சீபெக் 1821-இல் கண்டறிந்தார். கழிவு வாயுவின் வெப்பத்தை அளக்கும் வெப்ப மின்னிரட்டை இதன் அடிப்படையில் இயங்குகிறது. அழுத்தம் கூடும்போது நிமிர முயலும் வளைந்த உலோகக் குழாயைக் கொண்ட அழுத்த அளவிக்கு, பிரான்சு நாட்டின் யூசின் போர்டான் 1849-இல் காப்புரிமை பெற்றார். ருடால்ஃப் டீசலின் எந்திரம் 1897-இல் வெற்றிகரமாக இயங்கியது. கழிவு வாயுவால் சுழலும் டர்போவிற்கு ஆல்ஃபிரட் பூக்கி 1905-இல் காப்புரிமை பெற்றார்.

பழைய வில்லிசு ஜீப்பின் முகப்புப் பலகையில் எண்ணெய் அழுத்தம், வெப்பநிலை, மின்னோட்டம், எரிபொருள் ஆகியவற்றுக்குத் தனித்தனி அளவிகள் இருந்தன. பின்னர் வந்த வண்டிகளில் இவற்றுட் பல விளக்குகளாகச் சுருங்கின. ஆகவே இன்று தனியே பொருத்தப்படும் அளவிகள் சில, முன்பு வண்டியோடு வந்தவையே. தமிழ்நாட்டில் கோயம்புத்தூரைச் சேர்ந்த பிரிக்கால் நிறுவனம் 1975 முதல் ஊர்தி அளவிகளைத் தயாரித்து வருகிறது.

3 வகைகள்

குளிர்நீர் வெப்பநிலை அளவி

ஓட்டுநர்கள் இதனை ஹீட் மீட்டர் என்பர். பெரும்பாலான டீசல் எந்திரங்கள் 80 முதல் 95 பாகை செல்சியசு வரை இயங்குகின்றன. தூய நீர் இயல்பான வளியழுத்தத்தில் 100 பாகையில் கொதிக்கும். ரேடியேட்டர் மூடி 0.9 பார் கூடுதல் அழுத்தத்தைத் தாங்கினால் கொதிநிலை ஏறத்தாழ 118 பாகையாக உயரும். மூடியின் ரப்பர் கெட்டால் இப்பாதுகாப்பு முழுவதும் போய்விடும்.

இவ்வளவியில் அறியப்பட வேண்டிய குறை ஒன்று உண்டு. உணரி நீரில் மூழ்கியிருந்தால் மட்டுமே சரியான அளவைக் காட்டும். குழாய் வெடித்து நீர் முழுவதும் வெளியேறினால், உணரியைச் சுற்றிக் காற்றே இருக்கும். எந்திரம் எரிந்துகொண்டிருக்கையில் முள் கீழே இறங்கவும் கூடும். எனவே நீர்மட்டம் குறைந்தால் ஒலிக்கும் எச்சரிக்கைக் கருவியையோ, சிலிண்டர் ஹெட்டின் உலோக வெப்பத்தை நேரடியாக அளக்கும் உணரியையோ உடன் பொருத்துவது நலம்.

எண்ணெய் அழுத்த அளவி

சூடான எந்திரம் ஓய்வு வேகத்தில் ஓடும்போது ஏறத்தாழ 1 பார் அழுத்தமும், சாலையில் ஓடும்போது 3 முதல் 4 பார் வரையும் பொதுவாகக் காணப்படும். உறுதியான எல்லையை அவ்வண்டியின் பணிமனைக் கையேட்டில் காண வேண்டும். அழுத்தம் மாதக்கணக்கில் மெல்லக் குறைந்தால் பேரிங் தேய்மானமோ, எண்ணெயில் டீசல் கலப்போ காரணமாகலாம். திடீரெனக் குறைந்தால் உடனே எந்திரத்தை நிறுத்த வேண்டும்.

மின்னழுத்த அளவி

12 வோல்ட் அமைப்பில் முழு மின்னேற்றம் பெற்ற மின்கலம் எந்திரம் நின்றிருக்கும்போது ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். எந்திரம் ஓடும்போது 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருத்தல் இயல்பு. விலை குறைந்த இவ்வளவி மின்கலத்தைப் பற்றி மட்டும் கூறுவதன்று. பல எந்திரங்களில் ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் பெல்ட்டே நீர் எக்கியையும் சுழற்றுகிறது. பெல்ட் அறுந்தால், நீர் சூடாவதற்கு முன்னரே மின்னழுத்தம் இறங்கிவிடும். சில டீசல் வண்டிகளில் பிரேக்கிற்குத் துணைபுரியும் வெற்றிட எக்கி ஆல்டர்னேட்டரின் பின்புறத்திலேயே அமைந்துள்ளது. அத்தகைய வண்டியில் பெல்ட் அறுந்தபின் பிரேக் மிதியை மிகுந்த விசையுடன் அழுத்த நேரிடும்.

டர்போ அழுத்த அளவி

பூஸ்ட் எனப்படும் கூடுதல் காற்றழுத்தத்தை இது காட்டுகிறது. குழாயில் பிளவு ஏற்பட்டால் இவ்வழுத்தம் வழக்கத்தைவிடக் குறையும். கரும்புகை, இழுவைக் குறைவு ஆகியனவும் தோன்றும். டர்போ இல்லாத எந்திரத்திற்கு இதனால் பயனில்லை. 2005-இல் அறிமுகமான முதல் டாட்டா ஏசின் 702 கன செ.மீ. இரட்டைச் சிலிண்டர் எந்திரம் டர்போ அற்றது. 2011-இல் அறிமுகமான அசோக் லேலண்டு தோசுத்து டர்போ உடையது.

கழிவு வாயு வெப்பநிலை அளவி

டீசல் எந்திரத்தில் காற்று எப்போதும் மிகுதியாகவே உள்ளிழுக்கப்படுகிறது. ஆற்றலைக் கூட்டவும் குறைக்கவும் எரிபொருளின் அளவே மாற்றப்படுகிறது. ஆகையால் காற்றிற்கு மிஞ்சி எரிபொருள் சென்றால் கழிவு வாயுவின் வெப்பம் உயரும். டர்போவிற்கு முன் அளக்கும்போது, நீடித்த ஓட்டத்திற்கு ஏறத்தாழ 700 பாகையை எல்லையாகக் கொள்வது வழக்கம். தூய அலுமினியம் 660 பாகையில் உருகுகிறது. அலுமினியக் கலவையாலான பிஸ்டன் 700 பாகையில் உடனே உருகாமைக்குக் காரணம், கீழிருந்து தெளிக்கும் எண்ணெயும், ஒவ்வொரு சுற்றிலும் உட்புகும் குளிர்ந்த காற்றும் அதனைக் குளிர்விப்பதே.

4 தேர்ந்தெடுக்கும் முறை

பின்வரும் வினாக்களை இவ்வரிசையில் எழுப்புதல் தகும்.

* வண்டியில் ஏற்கனவே என்ன உள்ளது? எதற்கு விளக்கு மட்டும் உள்ளதோ அதற்கே முதலிடம். பெரும்பாலும் அது எண்ணெய் அழுத்தமாக இருக்கும்.
* எந்தப் பழுது எந்திரத்தை விரைவில் அழிக்கும்? எண்ணெய் இழப்பு நொடிகளிலும், நீர் இழப்பு நிமிடங்களிலும் கேடு விளைவிக்கும்.
* எந்திரத்தில் டர்போ உண்டா? எரிபொருள் அமைப்பு மாற்றப்பட்டுள்ளதா?
* வண்டி சமநிலத்தில் ஓடுகிறதா, மலைப்பாதையில் ஓடுகிறதா?
* அளவியும் உணரியும் ஒன்றுக்கொன்று பொருந்துமா? ஐரோப்பிய முறை உணரிகள் பல 10 முதல் 180 ஓம் வரையும், அமெரிக்க முறை உணரிகள் பல 240 முதல் 33 ஓம் வரையும் மின்தடை காட்டுபவை. ஒன்றின் உணரியை மற்றொன்றின் அளவியோடு இணைத்தால் முள் தவறான அளவையே காட்டும்.
* அளவெல்லை பொருத்தமானதா? 1.5 பார் அழுத்தம் தரும் டர்போவிற்கு 4 பார் வரை குறித்த அளவி வாங்கினால் சிறு மாற்றங்கள் கண்ணுக்குப் புலப்படா.

52 மி.மீ. விட்டமுள்ள அளவிகள் பரவலாகக் கிடைக்கின்றன. எல்லை மீறும்போது ஒலியெழுப்பும் அளவி சிறந்தது. சாலையைப் பார்க்க வேண்டிய ஓட்டுநர் முள்ளையே பார்த்துக்கொண்டிருக்க இயலாது.

5 எடுத்துக்காட்டு: அன்னவாசல் வட்டாரம்

அன்னவாசல், புதுக்கோட்டை மாவட்டத்தில் சித்தன்னவாசலுக்கு அருகில் உள்ள பேரூராட்சி ஆகும். இவ்வட்டாரம் ஆங்காங்கே குன்றுகளைக் கொண்ட, பெரும்பாலும் சமமான வறள் நிலம். நெல், நிலக்கடலை போன்றவற்றை ஏற்றிக்கொண்டு புதுக்கோட்டைக்கோ, இலுப்பூர் வழியாக விராலிமலைக்கோ செல்லும் சிறு சரக்குந்து நீண்ட மலையேற்றம் எதனையும் சந்திப்பதில்லை. தை மாதம் தொடங்கி ஜல்லிக்கட்டுக் காளைகளை ஏற்றிச் செல்லும் வண்டிகளும் அவ்வாறே. இத்தகைய வண்டிக்குக் கழிவு வாயு அளவி முதல் தேவை அன்று.

இங்கு எந்திரத்திற்குப் பகையாவன கோடை வெயிலும், மெதுவான சுமை ஓட்டமும், ரேடியேட்டரில் ஊற்றப்படும் கிணற்று நீருமே. வயல் பாதையில் மெதுவாகச் செல்லும் வண்டியின் ரேடியேட்டருக்கு எதிர்க்காற்று கிடைப்பதில்லை. மின்விசிறியை மட்டுமே நம்ப வேண்டும். உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீர் சூடாகும்போது அதிலுள்ள சுண்ணாம்பு குழாய்களின் உட்புறம் படிந்து வெப்பக் கடத்தலைக் குறைக்கும். இவ்வீழ்ச்சி ஒரே நாளில் நேர்வதன்று. கடந்த ஆண்டு 88 பாகை காட்டிய அதே பாதையில் இவ்வாண்டு 96 பாகை காட்டினால் ரேடியேட்டரைச் சுத்தம் செய்ய வேண்டும் என்பது பொருள். எண் குறித்த வெப்பநிலை அளவி, நீர்மட்ட எச்சரிக்கை, எண்ணெய் அழுத்த அளவி, மின்னழுத்த அளவி ஆகிய நான்கும் இங்குப் போதுமானவை.

அதே வண்டி 70 கொண்டையூசி வளைவுகளைக் கொண்ட கொல்லிமலைப் பாதையில் வாரந்தோறும் சுமையுடன் ஏறுமானால் நிலைமை மாறும். அப்போது டர்போ அழுத்த அளவியும் கழிவு வாயு அளவியும் பொருள் உடையவை ஆகின்றன. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அழுத்தம் குறைந்து வெப்பம் உயர்ந்தால் காற்று எங்கோ கசிகிறது என்று அறியலாம். கீழ்ப் பல்லிணைக்கு மாறி, மிதியைத் தளர்த்துவதே உடனடித் தீர்வு.

6 பொருத்துதல்

* எண்ணெய்க் குழாயை ஓட்டுநர் அறைக்குள் கொண்டுவரும் எந்திரவியல் அளவியைத் தவிர்த்தல் நலம். குழாய் உடைந்தால் சூடான எண்ணெய் காலில் பீறிடும். மின் உணரி வகை பாதுகாப்பானது.
* எண்ணெய் அழுத்த உணரியை, பழைய ஆளி இருந்த துளையில் மூவழி இணைப்பி கொண்டு பொருத்தலாம். சிவப்பு விளக்கின் ஆளியை நீக்கிவிடக் கூடாது.
* வெப்ப மின்னிரட்டையை டர்போவிற்கு முன்னுள்ள மேனிபோல்டில் பொருத்த வேண்டும். துளையிடும்போது விழும் இரும்புத் துகள் டர்போவின் இறக்கைகளைச் சிதைக்கும் என்பதால் டர்போவைக் கழற்றிவிட்டே துளையிட வேண்டும்.
* வெப்ப மின்னிரட்டையின் கம்பியைச் சாதாரணச் செப்புக் கம்பியால் நீட்டக் கூடாது. 'கே' வகை மின்னிரட்டை 700 பாகையில் தருவது ஏறத்தாழ 29 மில்லிவோல்ட் மட்டுமே. தவறான இணைப்பு அதனைப் பிழையாக்கும்.
* ஒவ்வோர் அளவிக்கும் தகுந்த ஃபியூசு இடப்பட வேண்டும். மின்னோட்ட அளவி வண்டியின் பெரும் மின்னோட்டத்தைத் தன் வழியே கடத்துவதால், அதைவிட மின்னழுத்த அளவியே தீ விபத்துக் கோணத்தில் விரும்பத்தக்கது.
* அளவிகள் கண்ணாடி வழியே தெரியும் சாலையை மறைக்கக் கூடாது.

7 ஓபிடி வழி அளவீடு

ஓபிடி வசதியுள்ள வண்டிகளில் 16 முனை இணைப்பி ஒன்று முகப்புப் பலகையின் அடியில் இருக்கும். இதில் சிறு கருவியைச் செருகி, எந்திரக் கணினி ஏற்கனவே அளந்துள்ள மதிப்புகளைக் கைப்பேசியில் காணலாம். துளையிடல் தேவையில்லை. கணினிக்கு ஓர் எண்ணை வினாவாக அனுப்பினால் அது விடையை அனுப்பும். குளிர்நீர் வெப்பநிலைக்குரிய வினா எண் 5 ஆகும்; வரும் விடையிலிருந்து 40-ஐக் கழித்தால் வெப்பநிலை கிடைக்கும். விடை 130 எனில் வெப்பநிலை 90 பாகை. உள்ளிழுகுழாய் அழுத்தத்திற்குரிய வினா எண் 11. இது வளியழுத்தத்தையும் சேர்த்துக் கிலோபாசுக்கலில் வருவதால், ஏறத்தாழ 100-ஐக் கழிக்க வேண்டும். விடை 220 எனில் டர்போ தருவது 120 கிலோபாசுக்கல், அதாவது 1.2 பார்.

எண்ணெய் அழுத்தத்தை அளக்கும் உணரியே இல்லாத வண்டியில் ஓபிடி அதனைக் காட்ட முடியாது. ஆகவே எண்ணெய் அழுத்தத்திற்குத் தனி அளவியே பெரும்பாலும் வழி.

இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.-6 விதிகளுக்குட்பட்ட டீசல் வண்டிகளில் பலவற்றுக்குப் புகைத்துகள் வடிகட்டி உண்டு. படிந்த கரியை எரிக்கும் வேளையில் வடிகட்டியினருகே வெப்பம் 600 பாகையை ஒட்டி உயர்வது இயல்பே.

8 சட்டம்

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும் வகையில் வண்டியை மாற்றுவதைத் தடை செய்கிறது. அளவி பொருத்துவதால் அவ்விவரங்கள் மாறுவதில்லை. எனினும் கம்பிகளை வெட்டி இணைப்பது உற்பத்தியாளரின் உத்தரவாதத்தைப் பாதிக்கக் கூடும். உத்தரவாதக் காலத்தில் முதலில் ஓபிடி வழியைக் கையாள்வது நலம்.

9 வரம்புகள்

அளவி எந்திரத்தைக் காப்பதில்லை. அதனைப் பார்த்து வண்டியை நிறுத்தும் ஓட்டுநரே காக்கிறார். பொருத்திய முதல் வாரத்தில், வெறும் வண்டியிலும் சுமையேற்றிய வண்டியிலும் ஒவ்வோர் அளவியும் காட்டும் எண்ணைக் குறிப்பேட்டில் எழுதி வைக்க வேண்டும். அவ்வண்டிக்கு எது இயல்பு என்று தெரியாதவர்க்கு முள்ளின் எந்த நிலையும் பொருள் தராது. உணரிகளும் பழுதடையும் என்பதால், ஐயம் ஏற்படும்போது மெக்கானிக்கிடம் உள்ள தனி அளவியால் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே எந்திரத்தைப் பிரிக்க வேண்டும்.

10 இவற்றையும் பார்க்க

* டீசல் எந்திரம்
* டர்போ
* வெப்ப மின்னிரட்டை
* அழுத்தமானி

பகுப்புகள்: ஊர்தித் தொழில்நுட்பம் | அளவிடு கருவிகள் | டீசல் எந்திரங்கள்