மேஷ்டு பொட்டேட்டோ ஏன் பசை மாதிரி ஆகுது? டெல்லி கிழங்கில் வெண்ணெய் பதம் வர என்ன செய்யணும்?

ஹோட்டலில் வெண்ணெய் போல வழுக்கும் மேஷ்டு பொட்டேட்டோ, வீட்டில் செய்தால் மட்டும் போஸ்டர் ஒட்டுற பசை மாதிரி வந்துடுதா? தப்பு பெரும்பாலும் ரெண்டு இடத்துலதான் நடக்குது: ஒன்று, வாங்கிய கிழங்கு. இன்னொன்று, மிக்ஸி.

பசை எப்படி உருவாகிறது?

கிழங்கின் செல்களுக்குள் மாவுச்சத்து இருக்கிறது. வேகும்போது அது தண்ணீரை இழுத்து உப்பும். செல்கள் உடையாமல் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்தால் மசியல் மிருதுவாக வரும். மிக்ஸி பிளேடு அவற்றைக் கிழித்து மாவுச்சத்தை வெளியே கொட்டிவிடுகிறது. அதுதான் பசை. அப்படி ஆன பிறகு எவ்வளவு வெண்ணெய் போட்டாலும் பழைய பதம் திரும்பாது.

டெல்லியில் எந்தக் கிழங்கு வாங்கலாம்?

குளிர்காலத்தில் ஆசாத்பூர் மண்டி வழியாக வரும் புதுக்கிழங்கின் தோல், விரலால் தேய்த்தாலே உரியும். இதில் நீர் அதிகம், மாவுச்சத்து குறைவு. கறிக்கு அருமை, மசியலுக்குச் சரிப்படாது.

கோடையில் கிடைப்பது குளிர்பதனக் கிடங்கு கிழங்கு. குளிரில் மாவுச்சத்தின் ஒரு பகுதி சர்க்கரையாக மாறுவதால் சில சமயம் இனிக்கும். இருட்டான, காற்றோட்டமான இடத்தில் ஒரு வாரம் வைத்தால் இனிப்பு ஓரளவு குறையும்.

சிம்லாவிலுள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் சிப்ஸுக்காக உருவாக்கிய ரகம் குஃப்ரி சிப்சோனா. இதில் நீர் குறைவு, சர்க்கரையும் குறைவு. கடையில் 'சிப்சோனா இருக்கா?'ன்னு கேட்டுப் பாருங்க. மசியலுக்கு இது நல்ல தேர்வு.

எப்படிச் செய்வது? (அரை கிலோவுக்கு)

1. தோல் சீவி, ஒரே அளவு துண்டுகளாக நறுக்கி, உப்பு போட்ட பச்சைத் தண்ணீரில் வைத்து அடுப்பை ஏற்றுங்கள். கொதிநீரில் போட்டால் வெளிப்புறம் குழைந்து, உள்ளே வேகாமல் இருக்கும்.

2. கத்தி எளிதாக இறங்கியதும் வடிகட்டி, அதே பாத்திரத்தில் சிறு தீயில் 1 முதல் 2 நிமிடம் ஈரம் போக விடுங்கள்.

3. சூட்டோடு இடியாப்ப அச்சில் பிழியுங்கள். வெளிநாட்டுச் சமையலறைகளில் இதற்கென இருக்கும் கருவியும் இதே வேலையைத்தான் செய்கிறது. அச்சு இல்லையா? பருப்பு மத்து போதும்.

4. முதலில் 60 கிராம் வெண்ணெய் கலக்குங்கள். பிறகு 100 மில்லி சூடான பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். பதம் வந்ததும் நிறுத்திடுங்க. அதிகம் கிளறினாலும் பசைதான்.

கவனிக்க வேண்டியது

பச்சை நிறம் படர்ந்த பகுதியில் சோலனைன் என்ற நச்சு சேர்ந்திருக்கலாம். லேசாக இருந்தால் ஆழமாக வெட்டி நீக்குங்கள். அதிகமாகப் பச்சையாகி இருந்தாலோ, கசந்தாலோ கிழங்கையே தூக்கிப் போடுங்க. மிஞ்சிய மசியலை டெல்லி வெயிலில் வெளியே விடாமல் ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாள் கொஞ்சம் பால் விட்டுச் சூடாக்கினால் பழைய பதம் வந்துவிடும்.