குப்பைக்கூடையிலிருந்து மீண்ட நாவல்

ஸ்டீபன் கிங்கின் வாசகர்கள் சந்தித்துக்கொண்டால் தமக்குப் பிடித்த நூலைச் சொல்லாமல் பிரியமாட்டார்கள். ஒருவர் 1977இல் வெளிவந்த 'த ஷைனிங்' என்பார். மற்றவர் 1986இன் 'இட்' என்பார். ஆசிரியனான எனக்கு 1974இன் 'கேரி'தான் நெருக்கமானது.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பாடசாலை ஆசிரியராக இருந்தபோது, கிங் அதன் ஆரம்பப் பக்கங்களைக் குப்பைக்கூடையில் எறிந்துவிட்டார். மனைவி தபிதாதான் எடுத்து வாசித்து, தொடர்ந்து எழுதும்படி வற்புறுத்தினார். அதுவே அவரது முதல் நாவலாக வெளிவந்தது. சக மாணவிகளின் ஏளனத்துக்கு ஆளான ஒருத்தியின் கதை அது. அவளது அமானுஷ்ய சக்தியைவிட அம்மாணவிகளின் சிரிப்பே என்னை அச்சுறுத்தியது.

2003இல் அமெரிக்கத் தேசிய நூல் மன்றம் கிங்குக்குப் பதக்கம் வழங்கியபோது, விமர்சகர் ஹரோல்ட் புளூம் கடுமையாக எதிர்த்தார். வாசகர்களோ எப்போதோ தீர்ப்பளித்துவிட்டார்கள். என் தீர்ப்பும் அதுவே. கடைசி வாங்கில் மௌனமாயிருக்கும் பிள்ளையை இப்போது நான் கவனிக்காமல் கடந்துபோவதில்லை.