மாரிமோ (பாசிப் பந்து)

மாரிமோ என்பது ஏரிகளின் அடியில் பந்து வடிவில் வளரும் ஒரு பச்சைப் பாசி ஆகும். இதன் அறிவியல் பெயர் ஏகக்ரோபிலா லின்னேயி. கண்ணாடிக் குடுவையில் நீர் ஊற்றி வளர்க்கப்படும் இது, அதிகப் பராமரிப்பு தேவைப்படாத, நற்பேறு தரும் வீட்டுச் செடியாகப் பல நாடுகளில் விற்கப்படுகிறது. ஆங்கில வழக்கில் 'மாஸ்' பந்து எனப்பட்டாலும் இது மாஸ் வகைத் தாவரம் அன்று. தமிழில் வழங்கும் 'பாசிப் பந்து' என்ற பெயரே அறிவியலுக்கு நெருக்கமானது.

பெயர் வரலாறு

1820களில் ஆஸ்திரியாவின் செல் ஏரியில் அன்டன் சௌட்டர் இப்பாசியைக் கண்டறிந்தார். ஜப்பானின் ஹொக்கைடோ தீவிலுள்ள அகான் ஏரியில் இதனைக் கண்ட தாவரவியலாளர் தக்கியா கவகாமி, 1898இல் 'மாரிமோ' எனப் பெயரிட்டார். 'மாரி' என்பது விளையாட்டுப் பந்தையும், 'மோ' என்பது நீர்த்தாவரத்தையும் குறிக்கும். ஹொக்கைடோவின் பழங்குடியினரான ஐனு மக்கள் அதற்கு முன்பே இதனை அறிந்திருந்தனர். அவர்கள் வழங்கிய பெயர்களுள் ஒன்றான 'தோராசம்பே', 'ஏரிப் பூதம்' எனப் பொருள்படும்.

பந்து உருவாகும் முறை

மாரிமோவின் நடுவில் விதையோ கல்லோ இல்லை. மெல்லிய பாசி இழைகள் மையத்திலிருந்து எல்லாப் பக்கமும் வளர்கின்றன. காற்று எழுப்பும் அலைகள் பந்தை மெல்ல உருட்டுவதால் எல்லாப் பக்கமும் ஒளி படுகிறது. வடிவமும் உருண்டையாக நிலைக்கிறது. ஆண்டுக்குச் சுமார் 5 மி.மீ. மட்டுமே வளரும். எனினும் அகான் ஏரியில் 20 முதல் 30 செ.மீ. விட்டமுள்ள பந்துகள் காணப்படுகின்றன.

புகழும் அழிவும்

1921இல் ஜப்பான் அரசு அகான் ஏரி மாரிமோவை இயற்கை நினைவுச்சின்னமாக அறிவித்தது. பாதுகாப்புக்காக வந்த அறிவிப்பு புகழையும் கொண்டுவந்தது. பயணிகள் பந்துகளை நினைவுப்பொருளாக எடுத்துச் சென்றனர். வணிகர்கள் அள்ளி விற்றனர். நீர்மின் உற்பத்திக்காக ஏரியின் நீர்மட்டம் தாழ்ந்தபோது கரையோரப் பந்துகள் வெளிப்பட்டு மடிந்தன. சுற்றுப்புறக் காடுகளில் மரம் வெட்டியதால் வண்டல் சேர்ந்ததும் கேடு விளைவித்தது.

இக்காலத்தில் பரவிய காதல் கதை ஒன்று விற்பனைக்குத் துணைநின்றது. ஐனு தலைவனின் மகளும் எளிய குடி இளைஞன் ஒருவனும் இறந்தபின் அவர்களின் இதயங்கள் மாரிமோவாக மாறின என்பது அக்கதை. அது ஐனு வாய்மொழி மரபில் வந்ததன்று. 1920களில் ஜப்பானிய மொழியில் அச்சானது. காதலர்க்கு நற்பேறு தரும் பொருள் என்ற எண்ணம் இதனால் வலுப்பெற்றது.

மீட்பு முயற்சி

1950இல் மாரிமோவைத் திருப்பித் தருமாறு வேண்டுகோள் விடுக்கப்பட்டது. பலர் தம்மிடமிருந்த பந்துகளை ஏரிக்கே அனுப்பினர். அதே ஆண்டு தொடங்கிய மாரிமோ விழா ஒவ்வோர் அக்டோபரிலும் 3 நாட்கள் நடைபெறுகிறது. ஐனு முதியோர் படகில் சென்று பந்துகளை மீண்டும் ஏரியில் விடுவது அதன் முக்கியச் சடங்கு. 1952இல் மாரிமோ சிறப்பு இயற்கை நினைவுச்சின்னமாக உயர்த்தப்பட்டது. இன்று கடைகளில் கிடைப்பவற்றுள் பல, வேறு நீர்நிலைகளின் தளர்ந்த இழைகளைக் கையால் உருட்டிச் செய்தவை.

பிற நாடுகளில்

ஐஸ்லாந்தின் மிவாட்ன் ஏரியில் பெருந்திரளாக இருந்த பாசிப் பந்துகள் 21ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ மறைந்தன. நீர் கலங்கி அடியை எட்டும் ஒளி குறைந்தது இதற்குக் காரணமாகக் கூறப்படுகிறது. 2021இல் அமெரிக்காவில் விற்கப்பட்ட பாசிப் பந்துகளுக்குள் வரிக்குதிரைச் சிப்பி என்னும் அயல் உயிரினம் காணப்பட்டது. நீர்க்குழாய்களை அடைத்து உள்ளூர் உயிரினங்களைத் துரத்தும் இச்சிப்பி பரவாமலிருக்க, வாங்கிய பந்துகளை உறையவைத்தோ கொதிக்கவைத்தோ அழிக்குமாறு அரசு அறிவுறுத்தியது.

வளர்ப்பு

ஏரியடியின் குளிர்ச்சியும் மங்கிய ஒளியுமே மாரிமோவின் இயல்பான சூழல். ஆகவே நேர் வெயில் படாத, வெப்பம் குறைந்த இடமே இதற்கு ஏற்றது. ஓரிரு வாரத்திற்கொருமுறை நீரை மாற்றி, பந்தை மெல்ல உருட்டிவிட வேண்டும். ஏரியில் அலை செய்யும் வேலையை வீட்டில் வளர்ப்பவரின் கை செய்கிறது. பழைய நீரையோ பந்தையோ குளம், ஆறு, வடிகாலில் விடலாகாது.