புதுப்பேட்டைக்கு ஒரு கதவு

ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் சென்னையில் பிறந்தது. வண்டலூர் பக்கத்துத் தொழிற்சாலையிலிருந்து 1961 முதல் வெளிவந்தது. 1980களின் கடைசியில் ஸ்டாண்டர்டு கம்பெனி மூடிய பிறகும் ஹெரால்டுகள் நகரத்தில் ஓடிக்கொண்டுதான் இருந்தன. பழைய வண்டிகளைக் கழட்டி விற்கும் புதுப்பேட்டை அவற்றை ஓடவைத்தது.

என் அப்பா ஆயிரம்விளக்கில் மெக்கானிக் ஷெட் வைத்திருந்தார். பார்ட்ஸ் வாங்க என்னைத்தான் அங்கே அனுப்புவார். எழும்பூர்ப் பக்கம், கூவம் கரையை ஒட்டிய சந்துகளுக்குள் நுழைந்தால் கதவுகள் ஒரு கடை, ரேடியேட்டர்கள் ஒரு கடை, வெறும் ஸ்டியரிங் மட்டும் ஒரு கடை. அப்பா தந்த பழைய பல்சக்கரத்தைக் கையில் வாங்கிய கடைக்கார பாய், பற்களை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இது ரெண்டாவது மாடல் தம்பி, எதிர் சந்துல கேளு" என்பார். எதிர்ச் சந்தில் அது இருக்கும்.

வண்டியைக் கழட்டுவதற்கு அங்கே ஒரு வரிசை உண்டு. முதலில் பேட்டரி, டயர். பிறகு செயின் புல்லி போட்டு இன்ஜினைத் தூக்குவார்கள். டைனமோ, கார்புரேட்டர், கண்ணாடி, சீட் எல்லாம் தனித்தனி ஆட்களுக்குப் போகும். செம்பு ஒரு பக்கம், அலுமினியம் ஒரு பக்கம். எதற்கும் உதவாத பாடியைத்தான் கடைசியில் கேஸ் கட்டரால் வெட்டி, எடை போட்டு உருக்காலைக்கு ஏற்றினார்கள். பயன்படும் பொருளை உருக்குவது அவர்களுக்குப் பாவம்.

அங்கே நடந்த தவறுகளையும் சொல்ல வேண்டும். இன்ஜின் ஆயில் மண்ணில்தான் வடிந்தது. செம்புக்காக ஒயரை எரித்த புகையை நான் சுவாசித்திருக்கிறேன். கழட்டும் பையன்கள் கையில் உறை இருக்காது. திருட்டு வண்டிகளும் வந்தன. சேசிஸ் நம்பரை ராவிவிட்டால் கேட்பாரில்லை.

சட்டம் ஒன்றும் இல்லாமல் இல்லை. ஓட்ட லாயக்கற்றுப்போன வண்டியைப் பற்றி 14 நாளுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்கச் சொல்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 55ஆம் பிரிவு. அதைச் செய்த உரிமையாளரை எங்கள் ஷெட்டில் நான் அரிதாகவே கண்டேன். வண்டி போய்விடும், ஆர்.சி. புத்தகம் பீரோவில் கிடக்கும். அந்த ஓட்டை வழியாகத்தான் திருட்டு நுழைந்தது. கடைக்காரர் அன்று அறிந்த சட்டமோ திருட்டுப் பொருள் வாங்கியதற்கான இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 411ஆம் பிரிவு ஒன்றுதான். இந்தத் தொழிலைச் சந்தேகிக்க ஆள் இருந்தார்கள், ஒழுங்குபடுத்த ஆள் இல்லை.

2021 செப்டம்பரில்தான் வாகன அழிப்பு நிலையங்களுக்கென்று மத்திய அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. பதிவுபெற்ற நிலையம் வேண்டும். வண்டி திருட்டுப் பட்டியலில் உள்ளதா என்று பார்க்க வேண்டும். ஆயிலையும் வாயுவையும் முதலில் வடித்தெடுக்க வேண்டும். சேசிஸ் நம்பர் உள்ள துண்டை வெட்டி ஆறு மாதம் பத்திரப்படுத்த வேண்டும். உரிமையாளருக்குச் சான்றிதழ் தர வேண்டும். 15 ஆண்டு கடந்த அரசு வண்டிகளின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் ரத்தானது. 2025 ஏப்ரல் முதல் தயாரிப்பாளர்களுக்கும் பொறுப்பு வந்திருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் விற்ற வண்டிகளின் எஃகில் குறைந்தது 8 சதவீதம் மீட்கப்பட்டதற்கு அவர்கள் கணக்குக் காட்ட வேண்டும்.

இவை நல்ல விதிகள், நான் வரவேற்கிறேன். ஆனால் கணக்கு எஃகின் எடையில் இருக்கிறது. முழுசாகக் கழட்டி இன்னொரு வண்டியில் பொருத்திய கியர்பாக்ஸுக்கு அந்தக் கணக்கில் என்ன மதிப்பு? சிமென்ட் தளம், கேமரா, இயந்திரங்கள், பரந்த நிலம் எல்லாம் கேட்கும் விதிக்குள் ஒரு சந்துக் கடை எப்படி நுழையும்? புதுப்பேட்டைக் கடைகளை நகருக்கு வெளியே ஆப்பூருக்கு மாற்றும் திட்டம் பல ஆண்டுகளாகப் பேச்சில் இருக்கிறது. மாற்றுவதென்றால் கடைகளை மட்டும் மாற்றினால் போதாது. எண்ணெய் வடிக்கும் பொதுத் தளம் ஒன்றை அரசே அமைத்து, கழட்டத் தெரிந்தவர்களைக் கூட்டுறவாகப் பதிவு செய்து, அவர்கள் கைக்குச் சான்றிதழும் உறையும் தர வேண்டும். தடவிப் பார்த்தே மாடலைச் சொல்லும் அந்த அறிவை எந்த இயந்திரமும் கொண்டுவராது.

வாசகர்களிடமும் ஒன்று கேட்கிறேன். பழைய வண்டியைக் கொடுக்கும்போது பணத்தோடு நின்றுவிடாதீர்கள். அழிப்புச் சான்றிதழை வாங்கி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவை ரத்து செய்யுங்கள்.