வைட்டமின் டி குறைபாடு: முதியோரிடம் ரத்தப் பரிசோதனையின்றி அபாயம் கணித்தல்

வயது, பழக்கம், நோய், மருந்து ஆகியவற்றை விசாரித்து, ஒரு முதியவருக்கு வைட்டமின் டி குறைய எவ்வளவு வாய்ப்புண்டு என்று கணிக்கும் முறை. புற ஊதா பி கதிர் பட்டால் தோலே இச்சத்தை உண்டாக்கிக்கொள்ளும். வயது ஏற ஏற அந்தத் திறன் குறையும்.

நெதர்லாந்தில் முதியோருக்கென உருவான வினாப்பட்டியலில் தோட்டவேலை, சைக்கிள் பற்றிய கேள்விகள் உண்டு. தூத்துக்குடிக்கு அது அப்படியே பொருந்தாது. ஆண்டில் பெரும்பகுதி வெயில் கொளுத்தும் ஊர்தான். ஆனால் உப்பளத்துப் பெண்கள் சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்டு, தலையில் துண்டு கட்டித்தான் பாத்தியில் இறங்குகிறார்கள். ஆகவே வெயிலில் வேலையா என்பதோடு நிறுத்தக் கூடாது. எந்த நேரம், உடம்பில் எவ்வளவு வெயில் படுகிறது என்றும் கேட்க வேண்டும். காலை இளவெயிலே போதும் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் நிழல் ஆளைவிட நீளமாக விழும்போது தோலில் உற்பத்தி மிகக் குறைவு.

வெயிலோடு இவற்றையும் கேட்க வேண்டும்: சாப்பாட்டில் சாளை மீன் எத்தனை நாள்? உடற்பருமன், சிறுநீரகக் கோளாறு, வலிப்பு மாத்திரை உண்டா? கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா? தசை பலவீனத்தைக் காட்டும் இந்தக் கடைசிக் கேள்வியைத் தவறவே விடக் கூடாது.

அமெரிக்க எண்டோகிரைன் சங்கத்தின் 2024 வழிகாட்டுதல், 75 வயது கடந்தோருக்கு வழக்கமான ரத்தப் பரிசோதனையின்றியே வைட்டமின் டி தரலாம் என்கிறது. எலும்பு முறிவோ தீராத எலும்பு வலியோ இருந்தால் மருத்துவரிடம் காட்டிப் பரிசோதிப்பதே முறை.